மாமல்லபுரத்துக்கு ஒரு நாள்: 25,000 ரூபாயைத் தவணையாக மாற்றலாமா?

கேள்வி: நான் சென்னை அம்பத்தூரில் வசிக்கிறேன். மாதச் சம்பளம் 42,000 ரூபாய். எல்லாச் செலவும் போக 6,000 ரூபாய் மிஞ்சுகிறது. என் மனைவி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர். ஜனவரி மாத இறுதியில் அங்கிருந்து அவருடைய அண்ணனும் அண்ணியும் 17 வயது மகளோடு வருகிறார்கள். அதே சமயத்தில் கனடாக் குடியுரிமை பெற்ற என் தாய்மாமாவும் மாமியும் வருகிறார்கள். என் அம்மா, நாங்கள் இருவர், 9 மற்றும் 13 வயதுப் பிள்ளைகள் என மொத்தம் பத்துப் பேர் ஒரு நாள் மாமல்லபுரம் போய் வர விரும்புகிறோம். வேன் வாடகை 7,500, ரிசார்ட்டில் மதிய விருந்து 12,000, நுழைவுச்சீட்டு 3,200, இதர செலவு 2,300 என 25,000 ரூபாய் கணக்குப் போட்டிருக்கிறேன். கடன் அட்டையில் செலவழித்து 12 மாத இஎம்ஐ ஆக மாற்றலாமா, அல்லது 14 மாதங்களாக மாதம் 5,000 ரூபாய் கட்டிவரும் அஞ்சலக ஆர்டி கணக்கை உடைக்கலாமா? வந்தவர்களிடம் பங்கு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்டியை உடைக்க நினைத்தாலும் இப்போது முடியாது. அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கை மூன்று ஆண்டுகள் முடிந்த பிறகே முன்கூட்டி மூட விதி அனுமதிக்கிறது. 12 தவணைகள் கட்டியவர் என்ற முறையில், இருப்பில் பாதி வரை, அதாவது 35,000 ரூபாய் வரை, ஆர்டி வட்டியை விட 2 சதவீதம் கூடுதல் வட்டியில் நீங்கள் கடன் பெறலாம். அந்த வசதியை மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம் போன்ற நெருக்கடிகளுக்கு ஒதுக்கி வையுங்கள்.

கடன் அட்டைத் தவணையின் கணக்கைப் பார்ப்போம். ஆண்டுக்கு 16 சதவீத வட்டி என்று கொண்டால், 25,000 ரூபாய்க்கு மாதத் தவணை சுமார் 2,268 ரூபாய் வரும். 12 மாதங்களில் வட்டி மட்டும் ஏறத்தாழ 2,220 ரூபாய். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 400 ரூபாய், அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம். மாதம் 6,000 ரூபாய் மிஞ்சும் வீட்டில் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஓராண்டு முழுவதும் தவணைக்குப் போய்விடும். அடுத்த தீபாவளித் துணிமணிக்கும் அட்டையையே நீட்ட வேண்டியிருக்கும். அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் ரொக்கம் எடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

இனி உங்கள் கணக்குத்தாளுக்கு வருகிறேன். நுழைவுச்சீட்டுக்கு 3,200 ரூபாய் என்று போட்டிருப்பதைப் பார்த்தால், யாழ்ப்பாணத்து மூவரையும் கனடா இருவரையும் தலைக்கு 600 ரூபாய் வெளிநாட்டவர் கட்டணத்தில் சேர்த்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் சார்க், பிம்ஸ்டெக் ஆகிய வட்டாரக் கூட்டமைப்புகளின் நாட்டவருக்கு இந்தியருக்கு உரிய கட்டணமே பொருந்தும்; இலங்கை இரண்டிலும் உறுப்பு நாடு. ஆகவே உங்கள் மைத்துனர் குடும்பத்துக்குத் தலைக்கு 40 ரூபாய்தான். 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் சீட்டு வேண்டாம். 17 வயதுப் பெண்ணுக்கு உண்டு. மாமா, மாமியிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தால், 2021 மார்ச் மாத மத்திய அரசு அறிவிக்கையின்படி அவர்களும் இந்தியருக்கு உரிய கட்டணமே செலுத்தலாம். அப்படியானால் மொத்தச் சீட்டுச் செலவு 320 ரூபாய். அட்டை இல்லையென்றால் 1,440 ரூபாய். இணையத்தில் முன்பதிவு செய்தால் 40 ரூபாய்ச் சீட்டு 35 ரூபாய்க்கும், 600 ரூபாய்ச் சீட்டு 550 ரூபாய்க்கும் கிடைக்கும். கடற்கரைக் கோயிலில் வாங்கும் சீட்டு அதே நாளில் ஐந்து ரதங்களுக்கும் செல்லும். முதல் இடத்திலேயே கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

வேன் வாடகையில்தான் உண்மையான கவனம் தேவை. நாள் வாடகை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கு. அம்பத்தூரிலிருந்து மாமல்லபுரம் ஒரு வழியே 65 கிலோமீட்டருக்குக் குறையாது. போக வர 130. மிகுதி 50 கிலோமீட்டருக்கு, கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று வைத்தாலும் 1,250 ரூபாய் ஏறும், கூடுதல் மணி நேரத்துக்குத் தனி. சில ஆண்டுகளுக்கு முன் நானே இப்படி ஒரு வேனை அமர்த்தி, வண்டி தன் ஷெட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பிச் சேரும் வரையிலான தூரத்துக்கும் சேர்த்து 1,800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன். 'ஷெட் டு ஷெட்' என்ற மூன்று சொற்களை ரசீதின் பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தார்கள். திருப்பிப் பார்க்காதது என் தவறு. எனவே 7,500 ரூபாய் என்பது எத்தனை மணி நேரத்துக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு, எங்கிருந்து எண்ணப்படுகிறது, சுங்கக் கட்டணமும் ஓட்டுநர் பேட்டாவும் அதில் அடங்குமா என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். யாராவது ஓன் போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாடகைக்கு ஓட்டிய சொந்த வாகனம் விபத்துக்குள்ளானால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க இடமுண்டு; பத்து உயிர்கள் போகும் வண்டியில் 2,000 ரூபாய் மிச்சம் பார்ப்பது சிக்கனம் ஆகாது.

உங்கள் கணக்கில் ஏறத்தாழப் பாதியை விழுங்குவது அந்த ரிசார்ட் விருந்து. காலை 5 மணிக்குக் கிளம்பி, இட்லியும் புளியோதரையும் கட்டி எடுத்துக்கொண்டால், வெயில் ஏறுமுன்பே முக்கியமான இடங்களைப் பார்த்து முடிக்கலாம். நினைவுச் சின்னங்கள் காலை 6 மணிக்கே திறந்துவிடும். மதியச் சாப்பாட்டை ஊருக்குள் சாதாரண உணவகத்தில் வைத்துக்கொண்டால் தலைக்கு 250 ரூபாய் வீதம் 2,500 ரூபாயில் முடியும். கனடாவிலிருந்து வருபவர்கள் பஃபேக்கு ஏங்கி வருவதில்லை என்பது என் அனுபவம். மாமா வாழை இலைச் சாப்பாட்டைத்தான் கேட்பார்.

மீதமாகும் பணத்தில் 1,000 ரூபாயை அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி ஒருவருக்கு ஒதுக்கச் சொல்வேன். தொகையைத் தொடங்குமுன்பே பேசிவிடுங்கள். அர்ச்சுனன் தபசுப் பாறையில், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கீழே யானையின் அருகில் அதே போல முன்னங்கால்களைத் தூக்கி நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிச் சுற்றியிருக்கும் எலிகளையும் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும். பிள்ளைகள் ஊர் திரும்பியும் அந்தப் பூனையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

திருத்திய கணக்கு இதுதான்: வேன் 7,500, பேட்டா 500, மதியச் சாப்பாடும் இளநீர், காபியும் சேர்த்து 3,500, சீட்டு அதிகபட்சம் 1,440, வழிகாட்டி 1,000, சிறு செலவுகள் 1,000, எதிர்பாராதவற்றுக்கு 1,000, ஆக 15,940 ரூபாய். நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று சம்பளங்களிலும் வந்த அன்றே 5,400 ரூபாயைத் தனிச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றினால் 16,200 ரூபாய் சேர்ந்துவிடும், ஆர்டியும் நிற்காது. கற்சிற்பம் வாங்கும் ஆசை உங்கள் கணக்கில் இல்லை. வாங்க விரும்புபவர் தம் பணத்தில் வாங்கட்டும், விமானப் பயணத்தில் கல்லின் எடைக்கும் அவரே பொறுப்பு.

பங்கு கேட்பது பற்றிய உங்கள் தயக்கம் புரிகிறது, கேட்க வேண்டாம். ஆனால் மாமா தாமாகவே "வேன் என் பொறுப்பு" என்றால், மூன்று முறை மறுத்துவிட்டு நான்காவது முறை பிடிவாதம் பிடிக்காமல் விட்டுக்கொடுங்கள். தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு. அந்த 7,500 ரூபாய் அப்படியே உங்கள் சேமிப்பில் நிற்கும்.

நாளைத் தேர்ந்தெடுக்கும்போது சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வேன் ரசீதில் ஏறும். இந்த வாரமே மாமாவிடம் பேசி, ஓசிஐ அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்; இருந்தால் அதைப் பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்து மூவரும் அன்று கடவுச்சீட்டின் அசலைக் கொண்டுவர வேண்டும்.