குற்றம் குறைந்த மாவட்டம்

வணக்கம் அக்கா,

காவேரிப்பட்டினத்தில் இருந்து எழுதுகிறேன். இந்த ஆண்டு பி.எஸ்சி. புள்ளியியல் முடித்தேன். குற்றத் தரவுகளை ஆராயும் க்ரைம் அனலிஸ்ட் ஆக வேண்டும் என்பது என் ஆசை. வீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுது, இல்லாவிட்டால் பி.எட். படி என்கிறார்கள். பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாதச் சான்றிதழ் படிப்புக்கு 85,000 ரூபாய் கேட்கிறது. வேலை உறுதி என்றார்கள். 5,000 முன்பணம் கட்டிவிட்டேன். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டால் போதுமா? பெண்களுக்கு இந்தத் துறை சரிப்படுமா? கிருஷ்ணகிரியும் தருமபுரியும் குற்றம் குறைந்த மாவட்டங்கள், இங்கே ஆராய ஒன்றும் இல்லை. அதனால் சென்னைக்கோ டெல்லிக்கோ போய்விடலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்த அன்று பாலக்கோட்டில் அம்மாவின் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தேன். அம்மா போய் எட்டு மாதம் ஆகிறது. பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் அம்மாவின் பழைய ரஃப் நோட்டுகள் இருந்தன. வேலையை அப்படியே போட்டுவிட்டு அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் போனில் உன் கடிதத்தைப் படித்தேன். "குற்றம் குறைந்த மாவட்டங்கள்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கோபம் வந்தது. உன்மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னும் முழுசாகத் தணியவில்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். க்ரைம் அனலிஸ்ட் என்று பெயர்ப்பலகை மாட்டிய தனி வேலை நம் காவல்துறையில் வழக்கமாகக் கிடையாது. அந்த வேலை நடக்கிறது, செய்கிறவர்கள் பெரும்பாலும் சீருடைக்காரர்கள். குற்றக் கணக்குகளைத் தொகுக்கும் ஆவணக் கூடங்கள் மாவட்டத்தில் டி.சி.ஆர்.பி., மாநிலத்துக்குச் சென்னையில் எஸ்.சி.ஆர்.பி., நாட்டுக்கு டெல்லியில் என்.சி.ஆர்.பி. அதனால் எஸ்.ஐ. தேர்வு எழுதச் சொல்லும் வீட்டாரை ஒன்றும் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதே. மேலே படிக்க வேண்டுமானால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறை இருக்கிறது. அதில் எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வு எழுதலாம். ஓசூரைத் தாண்டினால் பெங்களூர். அங்கே வங்கிகளிலும் பணப்பரிமாற்ற நிறுவனங்களிலும் மோசடிகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே பிரிவுகள் வைத்திருக்கிறார்கள். புள்ளியியல் படித்தவளுக்குச் சம்பளம் என்று பார்த்தால் அதுதான் கையில் இருக்கும் வழி.

பைத்தான் படி, நல்லது. மூன்று மாதத்தில் வந்துவிடும். பெண்ணுக்குச் சரிப்படுமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. இன்னொரு முறை யாரிடமும் அதைக் கேட்காதே.

இப்போது உன் அந்த வரிக்கு வருகிறேன். குற்றம் குறைவு என்று உனக்கு யார் சொன்னது? என்.சி.ஆர்.பி. அட்டவணையைப் பார்த்திருப்பாய். 1953-ஆம் ஆண்டுக் கணக்கில் இருந்து வருகிற அறிக்கை அது. 1986-ல் என்.சி.ஆர்.பி. தொடங்கிய பிறகு அவர்கள் வெளியிடுகிறார்கள். அதிலேயே அவர்கள் எச்சரிக்கிறார்கள், குற்றம் கூடுவது வேறு, போலீஸ் பதிவு செய்வது கூடுவது வேறு என்று. மூன்று வருடம் புள்ளியியல் படித்தவள் அட்டவணைக்கு முன்னால் இருக்கும் பக்கங்களைப் படிக்காமல் எண்ணுக்குப் பாய்ந்திருக்கிறாய். அங்கே இன்னொன்றும் இருக்கிறது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அதில் பெரிய குற்றம் எதுவோ அதை மட்டும்தான் கணக்கில் எடுப்பார்கள். பாலியல் வன்முறை செய்து கொலையும் செய்திருந்தால் அது கொலைக் கணக்கில் ஒன்று. பாலியல் வல்லுறவு வழக்குகளின் எண்ணிக்கையில் அந்தப் பெண் இருக்க மாட்டாள்.

எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்திருக்கிறாயா? போன வருடம் எங்கள் தெருப் பாட்டியின் நான்கு ஆடுகள் பட்டியிலிருந்து காணாமல் போயின. பாட்டியோடு நான்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுத்தர் மனுவை வாங்கி இரண்டு முறை படித்தார். "திருடு போனதுன்னு எப்படிம்மா தெரியும்? மேயப் போன இடத்துல தவறியிருக்கலாமில்ல?" என்றார். கடைசியில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார், மனுவை வாங்கிக்கொண்டதற்கு மட்டும் அத்தாட்சி. பாட்டி அதை நாலாக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டாள். பதினெட்டு நாள் கழித்துப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டுப் பேசி, 12,000 ரூபாய் வாங்கிக் கொடுத்து, மேல் நடவடிக்கை வேண்டாம் என்று பாட்டியிடம் கைநாட்டு வாங்கினார்கள். பாட்டிக்குத் திருப்திதான். எஃப்.ஐ.ஆர். போடவில்லை. அந்த வருடக் கணக்கில் அந்த நான்கு ஆடுகளும் திருடு போகவே இல்லை. வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே தீரவேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது. சொல்லி என்ன, ரசீதுப் புத்தகம் மேசைமேல்தான் இருக்கிறது.

ஆட்டோடு நின்றால் பரவாயில்லை. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அப்போது கைதாகிச் சிறைக்குப் போனது யார் தெரியுமா? ஊர் மக்கள், கைக்குழந்தைகளோடு பெண்கள். செய்தவர்கள் பதிவேட்டை எழுதுகிற பக்கத்தில் இருந்தார்கள், பட்டவர்கள் பதிவேட்டுக்குள் இருந்தார்கள். உயர்நீதிமன்ற உத்தரவில் 1995-ல்தான் சி.பி.ஐ. விசாரணைக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துபோனார்கள். மீதி 215 பேருக்கும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. 2023-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 1992-ஆம் வருட தருமபுரி மாவட்டக் கணக்கை நீ கம்ப்யூட்டரில் ஏற்றி என்ன வரைபடம் வேண்டுமானாலும் போடு, வாச்சாத்தி அதில் தெரியாது.

சரி, அம்மாவின் நோட்டுக்கு வருகிறேன். இரண்டு நாளாக மனசில் இருப்பது அதுதான்.

அம்மா கிராம சுகாதார செவிலியர். பென்னாகரம் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. ஊரில் நர்ஸம்மா என்பார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்தேன். மாசக் கடைசி வந்தால் ரிப்போர்ட் போட வேண்டும். அம்மா சேலை நனைய நடந்து வந்து, அரிக்கேன் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்து, நீள நோட்டை என் முன்னால் போடுவாள். அடிஸ்கேல் வைத்துக் கோடு போடுவதும் கூட்டல் போடுவதும் என் வேலை. தாய் பெயர், எத்தனையாவது பிரசவம், ஆணா பெண்ணா, எடை, இறந்திருந்தால் எத்தனையாம் நாள், என்ன காரணம். கடைசிக் கட்டம்தான் காரணம்.

மூன்றாவது. பெண். 2.8 கிலோ. நாலாம் நாள். மூச்சுத்திணறல்.

இரண்டாவது. பெண். 3 கிலோ. மூன்றாம் நாள். பேதி.

நாலாவது. பெண். 2.9 கிலோ. ஐந்தாம் நாள். மூச்சுத்திணறல்.

நாலைந்து மாதம் கோடு போட்ட பிறகு ஒன்று கண்ணில் பட்டது. செத்துப்போன ஆண் குழந்தைகளின் எடையைப் பார்த்தால் ஒன்றரை கிலோ, 1.7 கிலோ என்றுதான் இருக்கும். குறைப்பிரசவம், புரிகிறது. பெண் குழந்தைகளோ நல்ல எடையோடு பிறந்து ஒரு வாரம் தாண்டாமல் செத்திருந்தன. தலைப்பிரசவத்துப் பெண் குழந்தை ஒன்றுகூட அந்த வரிசையில் இல்லை. "ஏம்மா, ரெண்டாவது மூணாவது பொட்டப்புள்ளைக்கு மட்டும் மூச்சு திணறுமா?" என்று கேட்டேன். அம்மா விளக்குத் திரியை இறக்கிவிட்டு, "நீ கூட்டல மட்டும் போடு" என்றாள்.

குற்ற ஆய்வு என்று நீ சொல்கிறாயே, என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே குற்ற ஆய்வு அதுதான். பதினேழு வயசில், ஒரு அடிஸ்கேலை வைத்துக்கொண்டு.

அம்மாவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஏன் போலீசுக்குச் சொல்லவில்லை என்று பிறகு ஒருநாள் சண்டை போட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவளுடைய எல்லையில் ஒரு ஊரில் யாரோ மொட்டைக் கடிதாசி போட்டு, போலீஸ் வந்து பிள்ளை பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பெண்ணையும் அவள் மாமியாரையும் கூட்டிப்போனது. அடுத்த ஆறு மாதம் அந்த ஊரில் ஒரு கர்ப்பிணிகூட அம்மாவிடம் பெயர் பதியவில்லை. ஊசி போட்டுக்கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தது அம்மாவுக்குத் தெரிந்ததே பத்து நாள் கழித்து. அந்த ஆறு மாத ரிப்போர்ட்டில் அந்த ஊர் சுத்தமாக இருக்கிறது. பிறப்பும் குறைவு, இறப்பு பூஜ்யம். நோட்டில் அந்தப் பக்கத்தை நேற்று மறுபடி பார்த்தேன். கட்டங்கள் காலியாக இருக்கின்றன, அம்மா பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நோட்டில் கடைசிக் கட்டத்து எழுத்து மாறுகிறது. மூச்சுத்திணறல் போய் "சோசியல் காஸ்", அதாவது சமூகக் காரணம், என்று வருகிறது. கொலை என்று எழுத முடியாத ஒரு நர்ஸ், பொய்யும் எழுதாமல் இருக்க அந்த இரண்டு வார்த்தை இடம் கொடுத்தது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் இருந்த அந்த வார்த்தைகளைக் கூட்டிப் பார்த்துத்தான் ஷீலா ராணி சுங்கத் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியும் ஆத்ரேயா என்ற பொருளாதார அறிஞரும் 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மதுரையில் தொடங்கி சேலம், தருமபுரி வழியாக வடஆர்க்காடு வரை ஒரே பட்டையாகப் பெண் சிசுக்கொலை நடப்பது அதில் தெரிந்தது. போலீஸ் கணக்கை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பட்டை தெரிந்திருக்காது. அதற்கப்புறம்தான் நம் மாவட்டத்தில் ஊர் ஊராகக் கலைப்பயணம் வந்து நாடகம் போட்டார்கள். வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொல்லி சேலத்தில் 1992-ல் தொடங்கிய தொட்டில் குழந்தை திட்டம் 2001-ல் தருமபுரிக்கும் வந்தது. அந்த 2001 மக்கள்தொகைக் கணக்கில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு மாநிலத்தில் 942 பெண் குழந்தைகள் இருந்தார்கள். தருமபுரியில் 900 கூட இல்லை. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தான். ஆகவே உன் ஊரும் இந்தக் கதைக்குள் இருந்த ஊர்தான், கண்ணு.

அம்மா செய்தது சரியா என்று முப்பது வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. ஆனால் அவள் எழுதினாள். எழுதாமல் விட்ட இடத்தில்கூடக் கேள்விக்குறி போட்டு வைத்தாள்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிடாதே. அஞ்செட்டிப் பக்கம் வேலை செய்யும் ஒரு செவிலியரிடம் போன மாதம் பேசிக்கொண்டிருந்தேன். பதினாறு, பதினேழு வயசுப் பெண்கள் வயிற்றோடு வருகிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிப்பார் என்று தெரிந்ததும் அந்தப் பெண்கள் வருவதில்லை, எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் கூட்டிப்போய்விடுகிறார்கள் என்றார். நாளைக்கு உன் மாவட்டத்தில் போக்சோ வழக்குகள் கூடினால் பேப்பரில் குற்றம் பெருகியது என்று போடுவார்கள். குறைந்தால் கலெக்டரைப் பாராட்டுவார்கள். கூடியது ஒரு தைரியமான நர்ஸால் இருக்கலாம், குறைந்தது ஒரு பஸ் ரூட்டால் இருக்கலாம். டெல்லியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அஞ்செட்டியில் எந்த பஸ் எங்கே போகிறது என்று தெரியாது. உனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டுத்தான் ஓடப் பார்க்கிறாய்.

சென்னைக்குப் போ, படி, வேண்டாம் என்று சொல்லவில்லை. போவதற்கு முன்னால் இரண்டு மாதம் எடுத்துக்கொள். உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், குழந்தைகளுக்கான உதவி எண் சைல்டு லைன் 1098-ல் வேலை செய்பவர்கள், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒன் ஸ்டாப் சென்டர், தாலுகா ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை. எல்லா இடத்திலும் போய் உட்கார். எண் கேட்காதே, தரமாட்டார்கள். எதை எழுதுவீர்கள், எதை எழுத மாட்டீர்கள் என்று மட்டும் கேள். அம்மாவின் நோட்டுகளைப் பார்க்க ஆசை இருந்தால் பாலக்கோட்டுக்கு வா. பெயர்கள் இருப்பதால் வெளியே கொடுக்க முடியாது, என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம்.

அப்புறம் அந்த 5,000 ரூபாய். வேலை உறுதி என்று சொல்லிப் பணம் வாங்குகிறவனை நம்பாதே, திருப்பிக் கேள். வாயால் கேட்காதே, எழுதிக் கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்பு. ரசீது கொடுத்தார்களா என்று நீ எழுதவில்லை. இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இல்லையென்றால் எந்தத் தேதியில், எந்த மேசையில், யார் கையில் கொடுத்தாய் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு போடுவோம், நான் கூட வருகிறேன்.