எலுமிச்சம்பழத்துல வந்தது ரத்தம் இல்லங்க

வீட்டுக்கு வந்த மந்திரவாதி எலுமிச்சம்பழத்தை அறுத்தாரு, ரத்தம் வழிஞ்சுச்சு, சூனியம் வச்சிருக்காங்க, எடுக்க 15,000 ரூபா கேக்குறாருன்னு எழுதியிருந்தீங்க. அது ரத்தம் இல்ல, சாயம். அந்தாளு கேக்குற 15,000-ஐ குடுக்காதீங்க.

செம்பருத்தி இதழை கத்தியில நல்லா தேய்ச்சு காயவிட்டா பாக்குறதுக்கு ஒண்ணும் தெரியாது, எலுமிச்சம்பழத்தை அறுத்ததும் அந்த புளிப்பு பட்டு செவசெவன்னு வழியும், அம்புட்டுத்தேன் வித்தை. கத்தி அவரோடதா உங்க வீட்டுதான்னு நீங்க எழுதல, ஆனா அவரே கொண்டுவந்ததாத்தான் இருக்கும்.

நீங்களே செஞ்சு பாருங்க. இதழ் ஃப்ரெஷ்ஷா இருக்கணும். அடுத்த தடவை அவர் திருமங்கலம் வந்தா உங்க கத்தியை சோப்பு போட்டு கழுவி, நீங்க வாங்குன பழத்தை நீங்களே அறுங்க, அவர் கையே படக்கூடாது. ஒண்ணு, செம்பருத்தியில வரலைன்னா உடனே அவரை நம்பிறாதீங்க, லேப்ல இருக்குற மெத்தில் ஆரஞ்சுங்கிற சாயமும் புளிப்பு பட்டா செவக்கும்.

பக்கத்து வீட்டம்மாதான் சூனியம் வச்சாங்கன்னு தெருவுல பேசாதீங்க, அதான் எனக்கு பெரிய பயம். 1692-ல அமெரிக்காவுல சேலம்ங்கிற ஊர்ல (நம்ம மாம்பழ சேலம் இல்ல) இப்பிடி ஆள் ஆளா கைகாட்டித்தான் 19 பேரை தூக்குல போட்டாங்க, எரிச்சாங்கன்னு சொல்றதெல்லாம் கதை, அங்க யாரையும் எரிக்கல. ஜார்க்கண்ட்ல பொம்பளைங்களை சூனியக்காரின்னு சொல்றதை தடுக்கவே 2001-ல சட்டம் போட்டாங்கன்னா பாத்துக்கங்க.

அம்மாவுக்கு ரெண்டு மாசமா காய்ச்சல் விட்டு விட்டு வருதுன்னா அதை மொதல்ல பெரியாஸ்பத்திரியில காட்டி ரத்தம், சளி டெஸ்ட் எடுங்க, டிபி கூட இப்பிடி வரும்.