கோபம் வராத நேரத்தில் விளையாடுங்கள்

கேள்வி: டாக்டர், என் மகனுக்குப் பத்து வயது, தொடக்கநிலை 4 படிக்கிறான். கணக்கில் ஒன்று தப்பாகிவிட்டால் போதும், தாளைக் கிழிக்கிறான், அழுகிறான், தம்பியை அடிக்கிறான். போன வாரம் வகுப்பில் பென்சில் பெட்டியை வீசிவிட்டான் என்று ஆசிரியர் கூப்பிட்டுச் சொன்னார். மைண்ட்ஃபுல்னெஸ் (மூச்சையும் உடம்பையும் அமைதியாகக் கவனிக்கும் பயிற்சி) நல்லது என்கிறார்களே என்று யூடியூப் பார்த்துக் கண்ணை மூடி உட்காரவைத்தேன். ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. மாமியார் "கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடு" என்கிறார். என் தோழி, அது வேறு மதத்துத் தியானம், வேண்டாம் என்கிறார். இது வியாதியா? மருந்து வேண்டுமா?
- சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் பட்டது "தப்பாகிவிட்டால்" என்ற சொல்தான். உங்கள் மகன் எதற்கெடுத்தாலும் கோபப்படுகிற பிள்ளை இல்லை. தப்பு செய்துவிட்டோமே என்ற பயமும் அவமானமும்தான் அவனிடம் கோபமாக வெளியே வருகின்றன. 2023 முதல் நம் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு இல்லை, உண்மைதான். ஆனால் தொடக்கநிலை 4 முடியும்போதுதான், அடுத்த ஆண்டு எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிக்கலாம் என்று பள்ளி பரிந்துரைக்கிறது. இதையெல்லாம் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் காதில் விழாமல் போவதில்லை.

தாளைக் கிழிக்கும் அந்த நொடியில் அவன் உடம்பு ஆபத்தை எதிர்கொள்கிற நிலையில் இருக்கிறது. மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி எச்சரிக்கை மணி அடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, கை இறுகுகிறது. நிதானமாக யோசித்து நம்மை நிறுத்தும் மூளையின் முன்பகுதியோ இருபத்தைந்து வயதுவாக்கில்தான் முழு வளர்ச்சி அடைகிறது. அதனால் "அமைதியா இரு!" என்று அப்போது சொல்வதை அவன் கேட்டாலும் அவனால் செய்ய முடியாது. பள்ளியில் தீ பிடித்த அன்றா தீப்பயிற்சி நடத்துகிறார்கள்? அமைதியாகிற வித்தையும் அப்படித்தான். கோபமே இல்லாத நேரத்தில், சிரித்துக்கொண்டே பழகியிருந்தால்தான் தேவைப்படும்போது கைகொடுக்கும்.

கண்ணை மூடி உட்காரவில்லை என்று வருந்தாதீர்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் மிரியட் என்ற பெரிய ஆய்வு நடந்து, 2022-ல் முடிவு வெளிவந்தது. எல்லாரும் பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்தவர்கள். வகுப்பில் பாடமாக நடத்திய மைண்ட்ஃபுல்னெஸ், பள்ளிகள் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கூடுதல் பலன் எதுவும் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவேயில்லை. இதைப் பார்த்து அந்தப் பயிற்சியே வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்னொரு வீட்டுப்பாடமாக அதைத் திணித்தால் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் தோழியின் கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இதன் வேர் பௌத்தத் தியானத்தில் இருக்கிறது. ஆனால் 1979-ல் அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் இதை ஒரு மருத்துவமனையில், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக, மதச் சடங்கு எதுவும் இல்லாத பயிற்சியாக அமைத்தார். மூச்சையும் உடம்பையும் சுற்றியுள்ள ஓசையையும் கவனிக்க எந்தச் சாமியும் தடையில்லை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கபடி ஆடச் சொல்லுங்கள். ஓடிப் பிடிக்கிற கபடி வேண்டாம், கீழ்வீட்டுக்காரர் வந்துவிடுவார். சோபாவில் உட்கார்ந்தபடி ஒரே மூச்சில் "கபடி கபடி" என்று மெல்லிய குரலில் யார் அதிக நேரம் சொல்வது என்று போட்டி வையுங்கள். தலை சுற்றுகிற அளவுக்கு இழுக்க வேண்டாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகும், வெளியே விடும்போது மெதுவாகும். மூச்சு நீளமாக வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு உடம்பை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. மூச்சுப் பயிற்சி என்று நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், பாட்டு நின்றதும் சிலையாக நிற்கும் ஆட்டம். "தலை" என்றால் காலையும் "கால்" என்றால் தலையையும் தொடும் ஆட்டமும் நல்லது. உடம்பு முந்திக்கொண்டு செய்யப்போவதை மூளை நிறுத்தப் பழகுகிறது. பிள்ளைகளின் சுயக்கட்டுப்பாட்டை அளக்க ஆய்வாளர்களே இப்படி ஓர் ஆட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். காலையில் பள்ளிக்கு நடக்கும்போது ஐந்து ஓசைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: குயில், மைனா, பேருந்தின் கதவு என்று எதுவாகவும் இருக்கலாம். கண்ணைத் திறந்துகொண்டே செய்கிற மைண்ட்ஃபுல்னெஸ் இது.

ஆனால் உங்கள் மகனுக்கு நான் முதலில் எழுதிக்கொடுப்பது பல்லாங்குழிதான். மாமியாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். சுற்றிப் போடுவதால் கெடுதல் இல்லை, அதற்காக அவரோடு சண்டை வேண்டாம். அவரையே ஆட்டத்துக்குக் கூப்பிடுங்கள். "இவனுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அவன் காதுபடப் பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும், எண்ண வேண்டும், தோற்கவும் வேண்டும். நீங்கள் தோற்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அடடா, எனக்கு எரிச்சலா வருது, நெஞ்செல்லாம் படபடங்குது. இரு, ரெண்டு மூச்சு விட்டுட்டு அடுத்த ஆட்டம் ஆடலாம்." தப்புக்கும் தோல்விக்கும் பிறகு ஒரு பெரியவர் எப்படி மீள்கிறார் என்று அவன் நேரில் பார்க்கட்டும். நாளடைவில் அவனும் தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தொடங்குவான். பெயர் வைத்தாலே அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது. அதை அவன் ஆங்கிலத்தில் சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். "தமிழ்ல சொல்லு" என்று அந்த நேரத்தில் திருத்தாதீர்கள்.

கோபம் வந்தேவிட்டால் தம்பியை முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். குரலைத் தாழ்த்தி, "நான் இங்கதான் இருக்கேன், அடிக்க விடமாட்டேன்" என்று சொல்லி அருகில் இருங்கள். அப்போது புத்திமதி வேண்டாம். அடங்கிய பிறகு கிழிந்த தாளை இருவருமாக ஒட்டுங்கள், தம்பியிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். கோபப்பட்டதற்குத் தண்டனை வேண்டாம். ஆனால் அடிக்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். தூக்கத்தையும் பாருங்கள்: இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். துணைப்பாட வகுப்பு முடிந்து இரவு பத்துக்குப் படுத்து ஆறு மணிக்கு முன் எழுகிற பிள்ளையிடம் எந்த ஆட்டமும் அதிகம் எடுபடாது.

இது வியாதியா என்பதைக் கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. கோபத்துக்கென்று தனியாக மருந்து இல்லை. ஆனால் கவனக்குறைவு மிகுசெயல்பாடு (ADHD), வாசிப்புச் சிரமம், பதற்றக் கோளாறு, பள்ளியில் யாராவது துன்புறுத்துவது ஆகியவையும் இப்படிக் கோபமாகத் தெரியலாம். அதனால் வகுப்பாசிரியரிடம் பேசி, பள்ளி ஆலோசகரைச் சந்திக்கக் கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் ஆலோசகர் இருக்கிறார். தேவைப்பட்டால் மனநலக் கழகத்தில் மாணவர்களுக்கு உதவும் ரீச் (REACH) குழுவின் உதவியைப் பள்ளி நாடும். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கியும் சிறுவர் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். இதெல்லாம் பிள்ளைக்குக் கெட்ட பெயராகிவிடும் என்று தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று சொன்னாலோ தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே உதவி தேடுங்கள். 1771 மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைக்க வேண்டும், அல்லது நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஆலோசகரைப் பார்க்கும்வரை ஒரு சின்ன நோட்டில் குறித்துவாருங்கள்: எத்தனை மணிக்குக் கோபம் வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது, முந்தைய இரவு எப்போது தூங்கினான். அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோனால் அவர்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.