ஆங்கிலக் கதையில் ஆட்கள் நகரும்போது

கேள்வி: ஆங்கிலச் சிறுகதை ஒன்றைத் தமிழாக்குகிறேன். 'டிப்டோட் அவுட்' (நுனிக்காலில் நடந்து வெளியேறுவது), 'லிம்ப்ட் டவுன்' (நொண்டியபடி இறங்குவது), 'வாக்ட் இன்' (நடந்து உள்ளே வருவது) என்று வரிக்கு வரி வருகிறது. எல்லாவற்றையும் கொண்டுவந்தால் வாக்கியம் கனக்கிறது. விட்டுவிட்டால் கதை வெளிறிப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: இது உங்கள் திறமைக் குறைவல்ல. ஆங்கிலம் நகரும் விதத்தை வினையில் வைத்து, திசையை அவுட், டவுன் போன்ற சிறு சொற்களிடம் விட்டுவிடும். தமிழில் நுழை, ஏறு, இறங்கு, கட என்று திசைதான் முற்றுவினை. விதம் எச்சமாக முன்னால் வரும். மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் மொழிகளை இப்படிப் பிரித்துக் காட்டினார். ஸ்பானிஷும் நம் பக்கம்தான். ஆங்கில நாவல்களின் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்புகளை ஆய்வாளர் டான் ஸ்லோபின் ஒப்பிட்டபோது, விதம் பல இடங்களில் விடுபட்டிருந்தது.

ஆங்கிலத்தில் விதம் வினையோடு சேர்ந்தே வந்துவிடும். தமிழில் அதற்குத் தனிச் சொல் வேண்டும், அதனால் வாசகர் கவனம் அங்கே நிற்கும். எனவே கதைக்கு வேண்டிய இடத்தில் மட்டும் வையுங்கள். கால் ஊனத்தை முதலில் 'நொண்டி நொண்டிப் படியிறங்கினார்' என்று காட்டிவிட்டால், அடுத்த பக்கத்தில் 'இறங்கினார்' போதும். தூங்கும் குழந்தையை விட்டு வரும் தாய்க்கு நுனிக்காலைவிட 'ஓசைப்படாமல்' முக்கியம். அவள் எண்ணம் அதில்தான் இருக்கிறது. தள்ளாடி, விடுவிடுவென்று, தத்தித் தத்தி என நம்மிடம் இருப்பவற்றையும் மறக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய முடிவு ஒன்று உண்டு. 'ஹீ வாக்ட் இன்டு த ரூம்' என்பதில் பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாது. தமிழில் 'உள்ளே வந்தான்' என்றால் நாம் அறைக்குள் இருக்கிறோம், 'உள்ளே போனான்' என்றால் வெளியே. 'நுழைந்தான்' என்று தப்பிக்கலாம், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி எழுதினால் கதை அறிக்கைபோல ஆகிவிடும். ஒவ்வொரு காட்சியையும் தொடங்கும் முன் அது யார் கண்ணில் விரிகிறது என்று முடிவு செய்யுங்கள். ஒரே பத்தியில் வந்தானும் போனானும் காரணமில்லாமல் மாறினால் வாசகருக்கு இடமே குழம்பும்.

அப்புறம், ஒரே 'ரேன்' (ஓடினான்) வினையில் வீடு, சாலை, ஆறு மூன்றையும் தொடும் வாக்கியம் வரும். அதற்கு நம் எச்சங்களே போதும்: 'வீட்டைவிட்டு ஓடி, சாலையைக் கடந்து, ஆற்றில் இறங்கினான்.' ஓட்டத்தை ஒருமுறை சொன்னாலே அந்த வேகம் கடைசி வினைவரை தொடரும்.