கேளுங்கள், சொல்கிறோம்: கை ஏன் குட்டையாகிறது?

இரண்டு படம் வரைந்து கொடுத்தால் நடுவில் வரும் படங்களைக் கம்ப்யூட்டரே போட்டுவிடும் என்கிறான் என் மகன். நிஜமா? (வாசகி, ஈரோடு)

பாதி நிஜம். கார்ட்டூன் ஸ்டூடியோக்களில் மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார், இடையில் வருபவற்றை உதவியாளர்கள் வரைவார்கள். அந்த உதவியாளர் வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இருந்த நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன் இருவரும். அதை வைத்து பீட்டர் ஃபோல்டஸ் எடுத்த ‘ஹங்கர்’ என்ற குறும்படம் 1974இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கியது, ஆஸ்கருக்கும் பரிந்துரையானது. தின்றுகொண்டே இருக்கும் ஒருவனின் கதை. அதில் ஒரு உருவம் உருகி இன்னொன்றாக மாறுவதை இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றைப் பிசையும், அவசியம் பாருங்கள்.

சரி, மீதிப் பாதி? மகனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். தொங்கும் கை ஒன்று, தலைக்கு மேல் தூக்கிய கை ஒன்று, ஒரே தோளிலிருந்து வரையட்டும். இப்போது இரண்டு உள்ளங்கைகளையும் நேர்க்கோட்டால் இணைத்து அதன் நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளங்கை தோளுக்கே வந்திருக்கும், கை காணாமல் போயிருக்கும்! ஒவ்வொரு புள்ளியையும் நேராக நகர்த்த மட்டுமே தெரிந்த நிரலுக்கு, கை வளைவாகச் சுற்றி வரும் என்பது தெரியாது. இதைச் சரிசெய்ய அதே இருவரும் 1976இல் உருவத்துக்குள் எலும்புக்கூடு போல ஒரு சட்டகத்தை வைத்து அசைக்கும் முறையை வெளியிட்டார்கள். இன்றைய மென்பொருள்களில் ‘போன்’ (bone, அதாவது எலும்பு) என்று இருக்கிறதே, அதே யோசனைதான். ஆனால் கை எப்போது வேகமெடுக்க வேண்டும், எங்கே தயங்க வேண்டும் என்பதை இப்போதும் வரைபவர்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

டிஸ்னி படங்கள் எப்போது கம்ப்யூட்டருக்கு மாறின? (வாசகர், நாகர்கோவில்)

1990இல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’தான் முழுக்கக் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி அடுக்கிய முதல் டிஸ்னி படம். பிக்ஸாருடன் சேர்ந்து உருவாக்கிய ‘கேப்ஸ்’ என்ற அமைப்பு அது. வரைந்தது என்னவோ தாளில், பென்சிலால்தான். அதை ஸ்கேன் செய்தார்கள். அதற்கு முன் ‘செல்’ எனும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் கையால் வண்ணம் பூசுவார்கள். அந்தத் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க அடுக்க அடியில் இருக்கும் நிறம் மங்கும், அதனால் நாலைந்துக்கு மேல் அடுக்கவே யோசிப்பார்கள். கம்ப்யூட்டரில் அந்தக் கவலை இல்லை.

வீட்டிலேயே அனிமேஷன் கற்க எதிலிருந்து தொடங்கலாம்? (கல்லூரி மாணவர், திருச்சி)

பென்சில்2டி, க்ரிட்டா என்ற இரண்டு மென்பொருள்களுமே இலவசம். அப்புறம் ஓப்பன்டூன்ஸ்: ஜப்பானின் கார்ட்டூன் பட நிறுவனமான ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளின் வழிவந்தது, 2016இல் இலவசமாக வெளியிட்டார்கள், ஆனால் பழக நாளாகும். எதை எடுத்தாலும் முதல் மாதம் நடுப் படங்களைத் தானே போடும் ‘ட்வீனிங்’ பொத்தானைத் தொடாதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

துள்ளும் பந்து ஒன்று வரையுங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் 12 படம் போதும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் ‘ஆனியன் ஸ்கின்’ வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள். உச்சியில் பந்துகள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல நெருக்கமாக இருக்கட்டும், தரையை நெருங்க நெருங்க இடைவெளி கூடட்டும். தரையைத் தொடும் அந்த ஒரே படத்தில் மட்டும் சற்று நசுங்க வேண்டும். நசுங்கும்போது அகலமும் கூட வேண்டும், இல்லையென்றால் பந்து சின்னதாகிவிட்டது போலத் தெரியும். ஓட்டிப் பாருங்கள். ரப்பர் பந்து சரியாக வந்துவிட்டால் அடுத்து இரும்புக் குண்டு, அதே வட்டத்தை வைத்து.