போன் அவர் வாங்கித் தந்ததுதான். அதற்காக வேவு பார்க்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சில மாதங்களாகப் பிரிந்து வாழ்கிறோம். ஆனால் நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. டாக்டரைப் பார்க்கப் போன அன்றே ‘உடம்புக்கு என்ன?’ என்று மெசேஜ் வருகிறது. தோழியுடன் வாட்ஸ்அப்பில் பேசியதை வரி மாறாமல் ஒப்பிக்கிறார். ஆண்ட்ராய்டு போன், அவர் வாங்கித் தந்தது. கூகுள் கணக்கையும் அவர்தான் தொடங்கிக் கொடுத்தார். கேட்டால், ‘என் காசில் வாங்கிய போன், பார்ப்பேன்’ என்கிறார். என் மெசேஜ்களை விவாகரத்து வழக்கில் காட்டப்போவதாகவும் மிரட்டுகிறார். போனை ரீசெட் செய்துவிடட்டுமா? புகார் கொடுக்க முடியுமா? அவருடைய மெயில் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அதைத் திறந்து ஆதாரம் எடுக்கலாமா?

பதில்: சகோதரி, ரீசெட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ரீசெட் செய்த போனில் வேவு மட்டுமல்ல, வேவு பார்த்ததற்கான தடயமும் போய்விடும். அப்புறம் காவல் நிலையத்தில் உங்கள் வாய்வார்த்தை ஒன்றுதான் மிஞ்சும். இன்னொன்று, கண்காணிப்பு திடீரென்று நின்றால் அவருக்கு உடனே தெரியும். அவர் முன்பு கைநீட்டியவர் என்றால், பாதுகாப்பான இடத்தில், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் எதையும் நீக்க வேண்டும். வழக்கறிஞரிடம் பேசுவது, புகார் எழுதுவது எல்லாம் வேறொருவர் போனில் நடக்கட்டும். இந்தப் பதிலைக்கூட அந்தப் போனில் படிக்காமல் இருந்தால் நல்லது.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன: இருப்பிடம் தெரிகிறது, வாட்ஸ்அப் தெரிகிறது. இரண்டுக்கும் வழி வேறு வேறாக இருக்கலாம். எல்லாரும் முதலில் ‘ஸ்பை ஆப்’ என்றுதான் பயப்படுகிறார்கள். அதற்கு முன் எளிய வழிகளைப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறங்கள். நீங்கள் வாட்ஸ்அப்பைக் கணினியில் பயன்படுத்துவதே இல்லை, ஆனால் அங்கே ‘குரோம், விண்டோஸ், கடைசியாகச் செயல்பட்டது இன்று காலை’ என்று ஒரு வரி இருக்கிறது என்றால் விஷயம் அதுதான். போன் ஒரே ஒருமுறை அவர் கையில் கிடைத்து, க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்திருந்தால் போதும். பதற்றத்தில் உடனே லாக் அவுட் செய்யாதீர்கள். முதலில் வேறொரு போனால், தேதியும் நேரமும் தெரியும்படி அந்தத் திரையைப் படமெடுங்கள். இதையே எல்லா இடத்திலும் செய்யுங்கள்.

இருப்பிடத்துக்கு கூகுள் மேப்ஸில் ‘இருப்பிடப் பகிர்வு’ யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பிறகு கூகுள் கணக்கில் எந்தெந்தச் சாதனங்கள் உள்நுழைந்திருக்கின்றன, கணக்கை மீட்கும் எண் யாருடையது என்பதையும் பாருங்கள். கணக்கைத் தொடங்கியவர் அவர். பாஸ்வேர்டும் மீட்பு எண்ணும் அவரிடம் இருந்தால், தொலைந்த போனைத் தேடும் வசதியை வைத்தே நீங்கள் இருக்கும் இடத்தை அவர் பார்க்க முடியும். தனியாக ஆப் எதுவும் தேவையில்லை.

இவை எல்லாம் சுத்தமாக இருந்தால்தான் ஸ்பை ஆப் சந்தேகம். அமைப்புகளில் ‘சாதன நிர்வாகி’ ஆப்கள் (போனைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்றவை), ‘அணுகல்தன்மை’ அனுமதி பெற்ற ஆப்கள் (திரையில் இருப்பதைப் படிக்கக்கூடியவை), அறியாத இடத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதி ஆகிய மூன்றையும் பாருங்கள். ‘சிஸ்டம் சர்வீஸ்’ மாதிரி அப்பாவிப் பெயரில் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கலாம். தீய ஆப்களைச் சோதிக்கும் கூகுள் வசதியான பிளே ப்ரொடெக்ட் அணைக்கப்பட்டிருந்தால் அதுவும் ஒரு அறிகுறி. ஐபோன் வைத்திருப்பவர்கள், யாருடன் எதைப் பகிர்கிறோம் என்று காட்டும் ‘சேஃப்டி செக்’ பகுதியைப் பார்க்கலாம். போன் சூடாகிறது, பேட்டரி இறங்குகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்டார் ஹேஷ் 21 ஹேஷ் போட்டால் ஸ்பை ஆப் தெரிந்துவிடும் என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. அது அழைப்புகள் வேறு எண்ணுக்குத் திருப்பப்படுகின்றனவா என்பதை மட்டும்தான் காட்டும்.

கைப்பையையும் வண்டியையும் சோதியுங்கள். ஏர்டேக் (ஆப்பிளின் இருப்பிடம் காட்டும் சிறு கருவி) போன்ற ஒன்று கூடவே வந்தால் எச்சரிக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். ஏர்டேக்கின் வரிசை எண்ணைக் கொண்டு உரிமையாளர் யார் என்று காவல்துறை ஆப்பிளிடம் கேட்க முடியும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ‘என் காசில் வாங்கிய போன்’ என்ற வாதம் நிற்காது. பரிசாகக் கொடுத்த பொருள் உங்களுடையது. அது போகட்டும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆவது பிரிவு (கணினி, போன் போன்றவற்றில் அனுமதியின்றி நுழைவது பற்றியது) உரிமையாளரை மட்டும் சொல்லவில்லை. சாதனத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் அனுமதியையும் சொல்கிறது. அந்தப் பொறுப்பில் இருப்பவர் நீங்கள். அனுமதியின்றி நுழைவதை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘அக்கறையில் பார்த்தேன்’ என்று அவர் தரப்பு சொல்வது இந்த நோக்கத்தை மறுக்கத்தான். அதனால் மிரட்டல் மெசேஜ் ஒன்றைக்கூட அழிக்காதீர்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆவது பிரிவு, ஒரு பெண்ணின் இணைய, மின்னணுத் தொடர்புப் பயன்பாட்டை ஓர் ஆண் கண்காணிப்பதைக் குற்றமாக்குகிறது. முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. கணவருக்கு அதில் விலக்கு எழுதப்படவில்லை. வாட்ஸ்அப்பைப் படித்தது இதில் நேராகப் பொருந்தும். இருப்பிடத்தை மட்டும் பார்த்தது பொருந்துமா என்பதில் எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. எனவே புகாரில் வாட்ஸ்அப்பை முதலில் எழுதுங்கள்.

புகாரை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கொடுப்பது நல்லது. தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்களை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேல் இருப்பவர்தான் விசாரிக்க முடியும். தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலும் பதியலாம். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள், அதன்பின் மாஜிஸ்திரேட். போனை ஒப்படைத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். இதோடு, குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம். மனரீதியான துன்புறுத்தலும் அதில் அடங்கும், அவசரம் என்றால் இடைக்கால உத்தரவும் கிடைக்கும். என்னைக் கேட்டால், உங்களுக்கு முதலில் வேண்டியது இந்த உத்தரவுதான். கிரிமினல் வழக்கு மெதுவாக நகரும்.

ஆதாரம் பத்திரமானதும், வேறு போனிலிருந்து புதிய மெயில் கணக்கு தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். பழைய போனில் இணைந்த சாதனங்களை நீக்கி, பிறகு ரீசெட். பழைய பேக்கப்பை அப்படியே மீட்காதீர்கள், ஆப்களைப் புதிதாக நிறுவுங்கள். சிம் அவர் பெயரில் இருந்தால் உடனே மாற்றுங்கள். அவர் டூப்ளிகேட் சிம் வாங்கினால் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும்.

அவருடைய மெயிலைத் திறக்கலாமா என்றால், கூடாது. அவர்மீது நீங்கள் சொல்லும் அதே 43, 66 பிரிவுகள் உங்கள் மேலும் பாயும்.

விவாகரத்து வழக்கைப் பொறுத்தவரை, ‘திருட்டுத்தனமாக எடுத்தது, செல்லாது’ என்று நம்பி உட்காராதீர்கள். கணவன் மனைவிக்கிடையே ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலைத் திருமண வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தம்பதி தங்களுக்குள் பேசியது. தோழியுடன் நீங்கள் பேசியது வேறு என்று வாதிடலாம். ஆனாலும் குடும்ப நீதிமன்றத்துக்குச் சான்றுகளை ஏற்பதில் பரந்த அதிகாரம் உண்டு. அதே நேரம், சாட்சியமாக ஏற்பதால் அவர் எடுத்த விதம் குற்றமில்லை என்று ஆகிவிடாது. மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்ய, பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவின்படி அது எந்தச் சாதனத்திலிருந்து, எப்படி எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் தர வேண்டும். அதில் அவரே கையெழுத்திட்டிருந்தால், நகலைக் கேட்டு வாங்கி உங்கள் சைபர் கிரைம் புகாருடன் சேர்க்கும்படி வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.