கூடை இல்லாத ஊரில் டிஸ்க் கோல்ஃப்

அன்புள்ள ஐயா,

நாற்பதுக்கு மேல் ஒன்றைக் கற்றுக்கொள்வது பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். நீச்சல், வயலின், சைக்கிள் எல்லாம் அதில் வந்தன. என் விஷயம் கொஞ்சம் விசித்திரமானது.

கணவரின் வேலை காரணமாகச் சில ஆண்டுகள் அமெரிக்காவில், ஆஸ்டின் நகரில் இருந்தோம். வீட்டுக்கு அருகே ஒரு பூங்காவில் டிஸ்க் கோல்ஃப் விளையாடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் தட்டு ஒன்றைக் கொடுத்து எறியச் சொன்னார். பிடித்துப்போயிற்று. மகள் பிறந்த பிறகு நின்றுவிட்டது. இப்போது காட்பாடியில் இருக்கிறோம். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். எனக்கு வயது 46. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, நடக்கச் சொல்கிறார் டாக்டர்.

பரணிலிருந்து பழைய தட்டுகள் மூன்றை இறக்கினேன். எங்கள் பக்கத்து ஏரியில் இப்போது தண்ணீர் இல்லை. அங்கே போய் எறிந்து பார்த்தேன். முன்பு நேராகப் போன தட்டு இப்போது கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் சாய்ந்து விழுகிறது. மறுநாள் தோள்பட்டை வலி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏனம்மா, நீயே வீசி நீயே போய் எடுக்கிறாய், அதற்குக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

ஒரு கூடைகூட இல்லாத ஊரில் இதை எப்படி விளையாடுவது? இந்த வயதில் இது தேவைதானா? கணவர் துணைக்கு வரமாட்டார். காலையில் அவருக்குச் செய்தித்தாள் படித்தாக வேண்டும்.

ச., காட்பாடி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தப் பெரியவரோடு சிநேகம் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

இந்த விளையாட்டைக் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வரி. பந்துக்கும் மட்டைக்கும் பதில் கையளவுத் தட்டு. குழிக்குப் பதில் ஒரு கம்பத்தில் தொங்கும் சங்கிலிகளும் அவற்றின் கீழே ஒரு கூடையும். தட்டு சங்கிலியில் மோதி, வேகம் இழந்து, கூடைக்குள் விழ வேண்டும். எங்கே விழுந்ததோ அங்கிருந்து அடுத்த வீச்சு. பெரும்பாலும் பதினெட்டு கூடைகள். குறைந்த வீச்சில் முடித்தவர் வென்றவர். மீதியெல்லாம் நடைதான்.

இனி உங்கள் கூடைக் கவலை. இதற்கு வரலாறே உங்கள் பக்கம் நிற்கிறது. கனடாவின் சஸ்காட்செவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்றொரு சிற்றூர். அங்கே 1926-ல் பள்ளிப் பிள்ளைகள் தகர மூடிகளை வைத்து இப்படியொரு ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். மணலில் வட்டம் போட்டு அதற்குள் மூடி விழ வேண்டும் என்பது கணக்கு. முதல் நிரந்தர மைதானம் 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் வந்தது. அமைத்தவர் எட் ஹெட்ரிக். வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனத்தில் ஃபிரிஸ்பி என்னும் எறிதட்டைத் திருத்தி இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். அந்த மைதானத்தில்கூடத் தொடக்கத்தில் சங்கிலி கிடையாது, நட்டு வைத்த கம்பங்கள் மட்டுமே. தட்டு கம்பத்தில் பட்டது, படவில்லை என்று ஓயாத வழக்கு. அந்த வழக்கைத் தீர்க்கத்தான் அவர் சங்கிலிக் கூடையைச் செய்தார். 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நீங்கள் தனியாக விளையாடப் போகிறீர்கள். பட்டதா இல்லையா என்று உங்களோடு யார் வழக்காடப் போகிறார்கள்? வேப்பமரம் போதும். தட்டு அடிமரத்தைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. மின்கம்பத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் மட்டும் இலக்காக வைக்காதீர்கள்.

ஹெட்ரிக் 2002-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படி அவருடைய அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். இதைப் படித்த அன்று எனக்கு அது சற்று அதிகப்படியாகத் தோன்றியது. பிறகு நம் பாலாற்றை நினைத்துக்கொண்டேன். அஸ்தி கரைக்க இங்கே முதலில் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோவில் என்று நம் வேலூரைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பார்களே, அந்த வரிசையில் கூடையில்லா டிஸ்க் கோல்ஃபையும் சேர்த்துவிடலாம். அதில் சாமி மட்டும் 1981-ல் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். பல நூற்றாண்டு கழித்து ஜலகண்டேஸ்வரரே திரும்பியிருக்கிறார், நீங்கள் திரும்புவதற்கு என்ன.

தட்டு இடப்பக்கம் சாய்வதற்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். வலக்கையால் மார்புக்குக் குறுக்கே இழுத்து எறியும் தட்டு, மேலிருந்து பார்த்தால் கடிகாரம் ஓடும் திசையில் சுழல்கிறது. வேகம் குறையும்போது காற்று அதன் முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கும். சுழன்றுகொண்டிருக்கும் பம்பரத்தை விரலால் தள்ளினால், தள்ளிய பக்கம் சாயாமல் வேறு பக்கம் சாயும் இல்லையா, தட்டும் அப்படித்தான். மூக்கைத் தூக்காமல் இடப்பக்கம் சாய்ந்து இறங்குகிறது. எல்லாத் தட்டும் கடைசியில் இதைச் செய்யும். உங்களுடையது முன்கூட்டியே செய்கிறது. காரணம் உங்கள் கை மறந்துபோனது அல்ல, நீங்கள் எடுத்த தட்டு.

மூன்றையும் மேசையில் வைத்து விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒன்றின் விளிம்பு உருண்டு தடித்திருக்கும், அது கூடைக்கு அருகிலிருந்து எறியும் பட்டர். ஒன்றின் விளிம்பு அகலமாகி ஓரத்தில் கூர்மையாக முடியும், அது தொலைவுக்கு எறியும் டிரைவர். நடுவில் இருப்பது மிட்ரேஞ்ச். இந்தக் கூர் விளிம்பு 1983-ல் வந்தது. அதுவரை எல்லோரும் தடித்த விளிம்புத் தட்டையே எறிந்துகொண்டிருந்தார்கள். கூர் விளிம்பு காற்றைக் கிழித்துக்கொண்டு போகும், ஆனால் அதற்குரிய வேகத்தைக் கை கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் எழும்பிய உடனேயே இடப்பக்கம் சரிந்துவிடும். தட்டின் மேல் நான்கு எண்கள் அச்சாகியிருந்தால் முதல் எண் வேகத்தைக் குறிக்கும். அது 9-க்கு மேல் என்றால் அந்தத் தட்டு பரணுக்கே போகட்டும். இருபதுகளில் எறிந்த தட்டாயிற்றே என்று வருத்தப்பட வேண்டாம். திரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இடறுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்க நினைக்கிறார்கள். தொலைவைத் துரத்தித் துரத்தி, இரண்டாம் வாரம் தோளில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

சில மாதங்கள் பட்டரை மட்டும் எறியுங்கள். அது பொய் சொல்லாது. கை கோணினால் தட்டு தள்ளாடும், சரியாக விட்டால் நேரே போகும். ஓடி வந்து எறியாதீர்கள், நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். தட்டை நெஞ்சை ஒட்டி ஒரே கோட்டில் இழுங்கள். தோள் முரட்டுத்தனமாக இழுக்க வேண்டியதில்லை. எடை பின்காலிலிருந்து முன்காலுக்கு மாறும்போது இடுப்பு திரும்பும், கை அதன் பின்னால் தானாக வரும், கடைசி ஒரு நொடியில்தான் வேகம். எறிந்து முடித்ததும் முன்காலின் குதிகாலில் உடம்பு சுழல விடுங்கள். நம் கரம்பு மண்ணில் ஷூ அழுந்திப் பிடித்துக்கொண்டால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தோள் வலி பற்றி ஒரு வார்த்தை. நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், குறிப்பாகப் பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும், தோள் இறுகிப்போகும் நோய் வருவதுண்டு. கையைப் பின்னால் கொண்டுபோய் ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால் அது வீச்சினால் வந்த வலி அல்ல. முதலில் டாக்டரைப் பாருங்கள். மருத்துவத்துக்காக நாடெங்கிலுமிருந்து ரயிலேறி வருகிற ஊரில் இருந்துகொண்டு தள்ளிப்போடாதீர்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் கவலை வேண்டாம். மார்புக்குக் குறுக்கே எறியும் இந்த வீச்சில் கை தோளுக்கு மேல் போவதே இல்லை. புதிதாகத் தட்டு வாங்கினால் 150 கிராம் அளவில் வாங்குங்கள். 175 கிராம் தட்டை எறிந்தே தீர வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை. நம் ஊர் விளையாட்டுச் சாமான் கடையில் இவை கிடைக்காது, இணையத்தில் தேடித்தான் வாங்க வேண்டும்.

வயதைக் கேட்டிருந்தீர்கள். இந்த விளையாட்டின் போட்டிகளில் 40, 50, 60, 70 என்று வயதுவாரியாகத் தனிப் பிரிவுகளே உண்டு. ஜூலியானா கோர்வர் என்ற அமெரிக்கப் பெண்மணி ஐந்து முறை உலகப் பட்டம் வென்றவர், ஐம்பதைத் தொட்ட பிறகும் இளம்பெண்களோடு களத்தில் நின்றவர். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் உலகப் பட்டம் வென்ற எஸ்டோனியாவின் கிறிஸ்டின் தட்டார் முதலில் பனிச்சறுக்கு வீராங்கனை. தட்டெறிதலுக்குப் பிறகுதான் வந்தார். நீங்கள் பட்டத்துக்குப் போகப் போவதில்லை, தெரியும். ஆனால் 46 என்பது இங்கே தாமதம் இல்லை.

ஆட்டத்தில் பாதி கடைசிப் பத்து மீட்டரில் இருக்கிறது, அதற்கு ஏரியே தேவையில்லை. மொட்டை மாடியில் துணி எடுக்கும் பிளாஸ்டிக் கூடையை ஒரு முக்காலி மேல் வையுங்கள். மூன்று மீட்டரில் தொடங்குங்கள். பத்துக்குப் பத்து விழும்வரை பின்னால் நகராதீர்கள். கூடைக்குப் பின்னால் ஒரு பழைய போர்வையைக் கொடியில் தொங்கவிட்டால் தட்டு அடுத்த வீட்டுச் சமையலறைக்குப் போகாது. பத்து மீட்டருக்குள்ளிருந்து எறியும்போது ஒரு விதி உண்டு. தட்டை விட்ட பிறகு நிலையாக நின்று காட்டிவிட்டுத்தான் முன்னால் அடி வைக்க வேண்டும். இதை மாடியிலேயே பழகிக்கொள்ளுங்கள். ஆசை விடாதென்றால், பட்டறைக்காரர் ஒருவரிடம் ஒரு பழைய சைக்கிள் ரிம்மையும் சங்கிலியையும் கொடுத்துப் பற்றவைக்கச் சொல்லலாம். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பார். கோழிக் கூடு என்று சொல்லிவிடுங்கள், விளக்கம் மிச்சம்.

எங்கே எறிவது? கோட்டை மைதானம் வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், காலையில் நடப்பவர்களும் கிரிக்கெட் பிள்ளைகளும் நிறைந்திருப்பார்கள். அகழியில் விழும் தட்டு மிதக்காது, பெரும்பாலான கோல்ஃப் தட்டுகள் மூழ்கிவிடும். நீங்கள் கண்டுபிடித்த ஏரிதான் சரியான இடம், வடகிழக்குப் பருவமழை வரும்வரை. பாலாற்று மணலும் நல்லதுதான், ஆனால் 2021 நவம்பரில் அந்த ஆறு எப்படி வந்தது என்பதைப் பார்த்தவர்கள் மழைக்காலத்தில் அதை நம்பமாட்டார்கள். குடியாத்தம் பக்கம் தெரிந்தவர்களுக்கு மாந்தோப்பு இருந்தால் கேட்டுப் பாருங்கள். வரிசையாக நிற்கும் மரங்களுக்கு நடுவே எறிவது போலப் பயிற்சி வேறில்லை. காய் பிடித்திருக்கும் மாதங்களில் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரு மாங்காய் விழுந்தாலும் தோப்புக்காரர் அதை மறக்கமாட்டார்.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் ஏழு மணிக்கு முன்பே வீடு திரும்பிவிடுங்கள். தட்டைக் காரில் விட்டுவிட்டு வந்தால் மதியத்துக்குள் வளைந்துவிடும், பிறகு அது சொன்ன பேச்சைக் கேட்காது. காய்ந்த ஏரியில் பச்சையும் பழுப்பும் கண்ணுக்குத் தெரியாது. பளிச்சென்ற இளஞ்சிவப்பு வாங்குங்கள். எதிர்க்காற்றில் தட்டு தன் வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் புரளும், பின்காற்றில் சீக்கிரம் இறங்கிவிடும். இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், ஒரு வாரத்தில் கை கற்றுக்கொள்ளும். ஆடோ ஆளோ எதிரில் இருந்தால் எறியாதீர்கள், கூர் விளிம்பு நெற்றியில் பட்டால் தையல்தான்.

சீமைக் கருவேலம் இருக்கிறதே, தட்டு அதற்குள் போனால் கையை விடாதீர்கள். இங்கேதான் அந்தப் பெரியவர் வருகிறார். ஆடு மேய்ப்பவர் கையில் துறட்டி இல்லாமல் இருக்காது. எந்தப் புதரில் பாம்பு இருக்கிறது, எந்தப் பக்கம் மண் உள்வாங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். வேடிக்கை பார்க்கப் பிள்ளைகளும் வருவார்கள், தட்டைப் பொறுக்கித் தருவார்கள். காசு கொடுக்காதீர்கள், எறிந்து பார்க்கச் சொல்லித் தட்டைக் கொடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறீர்கள், அது கடிதத்தின் வரிகளுக்கிடையில் தெரிகிறது. இதே ஊரில் சேலைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு கோட்டையைச் சுற்றி நடந்த பெண்களை முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது யாரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. தட்டின் அடிப்பக்கத்தில் அழியாத மையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வைப்பது இந்த விளையாட்டில் பழக்கம், கண்டெடுப்பவர் அழைத்துத் திருப்பிக் கொடுப்பார். உங்கள் எண்ணை எழுதத் தயக்கம் இருந்தால் கணவரின் எண்ணை எழுதுங்கள். செய்தித்தாளுக்கு நடுவே நாலு பேர் அழைத்து, உங்கள் தட்டு எங்கள் கிணற்றடியில் கிடக்கிறது என்று சொன்னால், அவரும் ஏரிப்பக்கம் வந்துதானே ஆக வேண்டும்.